பட்டாளத்துப் பதிவேடு வேதவாக்கா?

திருத்தணி மலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் புராணிகர்கள் ஒரு காரணம் சொல்லுகிறார்கள். சூரபத்மனோடு பெரும்போர் செய்த முருகன், அந்தப் போரின் சினம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் இதுவாம். செரு என்றால் போர். ஆகையால் செருத்தணி என்றிருந்தது பிறகு திருத்தணி ஆயிற்றாம். மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கும்போது, இந்த மலையில் மாத்திரம் அது நடப்பதில்லை. சினம் தணிந்த இடத்தில் சண்டை கூடாதென்று புஷ்பாஞ்சலி செய்து முடித்து விடுகிறார்கள். எவரும் கண்ணால் காணாத இந்தச் சண்டையில், எந்த அசுரன் எப்போது விழுந்தான், எந்த ஆயுதம் எதைப் பிளந்தது, பிளந்தது எதுவாக மாறிற்று என்பதெல்லாம் கடுகளவும் பிசகாமல் ஏட்டில் இருக்கிறது; வருஷந்தோறும் படிக்கவும்படுகிறது.

அதே மலையடிவாரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும், மெய்யான சண்டைக்குப் போய், மெய்யான குண்டுகளுக்கு நடுவில் நின்று திரும்பி வந்த மனிதர்கள் இருக்கிறார்கள். இவர்கள் செய்த சண்டைக்கு நாள் உண்டு, இடம் உண்டு, கூட நின்ற சாட்சி உண்டு, சிலருக்கு உடம்பிலே தழும்பும் உண்டு. ஆனால் இவர்களைப் பற்றிய ஏட்டில்தான் பிசகு காணப்படுகிறது. பெற்ற பதக்கம் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறாமல் போவதும், பெயரில் ஓர் எழுத்து மாறி வேறொருவன் கணக்கில் ஏறுவதும், போர்முனையில் இருந்த மாதங்கள் விட்டுப் போவதும் பட்டாளத்துக் காகிதங்களில் புதிதான சங்கதிகள் அல்ல.

இப்படிப்பட்ட ஒரு முதியவர் தமது 80ஆம் வயதில், "என் பதிவைத் திருத்திக் கொடுங்கள்" என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டு போனால் அவருக்குக் கிடைக்கும் பதில் என்ன? வீட்டிலே, "இந்த வயசிலே அந்தத் தகட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, தாத்தா?" என்பார்கள். ஆபீசிலே, "ரிக்கார்டில் இல்லையே, ஐயா" என்பார்கள். ஊரிலே, "அவரவர் தலையெழுத்து" என்று சொல்லி முடித்து விடுவார்கள். இந்த மூன்று பதில்களும் தவறானவை என்பதும், அந்த முதியவர் கேட்பது பிச்சையல்ல, தமக்குச் சேரவேண்டிய நியாயம் என்பதுமே நமது அபிப்பிராயம்.

இரண்டு வகைப் பதக்கங்கள்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். பட்டாளத்தில் கொடுக்கப்படும் பதக்கங்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. வீரச் செயலுக்காகக் கொடுக்கப்படுபவை ஒரு வகை. பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26ந்தேதி ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் அமுலுக்கு வந்ததாக வைக்கப்பட்டன. இவற்றை எவரும் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. கூட இருந்த அதிகாரி எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அது படிப்படியாக மேலே போக வேண்டும். குடியரசுத் தலைவர் சம்மதிக்க வேண்டும். கெஜட்டில் வெளிவர வேண்டும்.

சேவைக்காகக் கொடுக்கப்படுபவை இரண்டாவது வகை. 1965 யுத்தத்துக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம் என்றும், 1971 யுத்தத்துக்குக் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், பொதுவாக சங்கிராம் பதக்கம் என்றும் கொடுத்தார்கள். அதற்குரிய நாட்களில் அதற்குரிய இடத்தில் சேவை செய்தவன் எவனோ அவனுக்கு அது பாத்தியமானது. யாருடைய தயவும் அதற்கு வேண்டியதில்லை. கூலி வேலை செய்தவனுக்குக் கூலி எப்படியோ அப்படியே இதுவும். கூலியைப் பாக்கி வைத்தவன், "கணக்கில் எழுதவில்லை, ஆகையால் நீ வேலையே செய்யவில்லை" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளுவோமா?

ஆகவே விண்ணப்பமும் பலவகைப்படும். கெஜட்டில் வந்த பதக்கம் சொந்தப் பதிவில் ஏறவில்லை என்றால் அது குமாஸ்தாவின் பிழை. ஒரு மணி நேரத்தில் திருத்தக்கூடியது. சேவைப் பதக்கம் விட்டுப்போயிருந்தால், ஆள் அந்த இடத்தில் இருந்தாரா என்று பார்த்துத் தீர்த்துவிடலாம். பரிந்துரையே போகவில்லை, அல்லது போனது குறைக்கப்பட்டு விட்டது என்றால் அதுதான் கஷ்டமானது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி, "ரிக்கார்டில் இல்லை" என்ற ஒரே முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்புவது சோம்பேறித்தனமே ஒழிய நிர்வாகம் ஆகாது.

ஏட்டை எழுதியதும் மனிதனே

வேதத்தை யார் எழுதினார் என்று கேட்டால், அது ஒருவரால் எழுதப்பட்டதல்ல, தானாகவே உள்ளது என்று சொல்லி நம் வாயை அடைப்பார்கள். பட்டாளத்துப் பதிவேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் இடமில்லை. அதை எழுதியவன் சம்பளம் வாங்கும் ஒரு மனிதன். ஒரு சிப்பாய் கலியாணம் செய்துகொண்டாலும், குழந்தை பெற்றாலும், பதக்கம் பெற்றாலும் அது இரண்டாம் பாக உத்தரவு என்ற பெயரால் வெளியிடப்பட்டு, பிறகு அவன் பதிவில் ஏற்றப்படவேண்டும். ஓர் உத்தரவு விட்டுப் போனால் அந்தச் சம்பவமே நடக்கவில்லை என்றாகிவிடும்! சிப்பாயாக இருந்தவர் நாயப் சுபேதாராக உயர்ந்தால் அவருடைய பட்டாளத்து நம்பரும் மாறுகிறது. பழைய நம்பரில் இருந்தது புது நம்பருக்கு வந்து சேர்ந்ததா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

எழுதியவன் தவறு செய்வான் என்பதற்கு நாம் எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. 1999இல் கார்கில் சண்டையில் டைகர் ஹில் மேல் ஏறிய கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு, நாட்டின் மிகப் பெரிய பதக்கமான பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. எப்படி அறிவிக்கப்பட்டது? அவர் இறந்து போனதாக வைத்து அறிவிக்கப்பட்டது! அவரோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதே பெயருள்ள வேறொரு வீரர் இறந்ததால் நேர்ந்த குழப்பம் அது. தேசமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சண்டையில், தேசத்தின் முதல் பதக்கத்தில், உயிரோடிருப்பவரை இறந்தவராக எழுத முடியுமானால், திருத்தணித் தாலூகாவிலுள்ள ஒரு லான்ஸ் நாயக்கின் பதிவில் பிழையே இருக்க முடியாது என்று சாதிப்பது எப்படிப் பொருந்தும்?

இது கவனக்குறைவால் வந்த பிழை. மனமறிந்து செய்யப்படுவதும் உண்டு. அதே கார்கில் சண்டையில் படாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தம்முடைய பங்கைப் போர் வரலாற்றில் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று வழக்காடினார். 2010 மே மாதத்தில் ராணுவத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, மேலதிகாரி பாரபட்சமாக எழுதியதைத் தள்ளி, பதிவைத் திருத்தும்படி உத்தரவிட்டது. ஒரு பிரிகேடியர் தமது பெயரை ஏட்டில் சரியாக எழுதச் செய்வதற்குப் பதினோரு வருஷம் பிடித்தது என்றால், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஒரு சிப்பாயின் கதி என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஏட்டில் ஏறிய பேதம்

நிற்க, பதிவேடு என்பது கைப்பிழையை மாத்திரம் தாங்கி வருவதில்லை. அந்தந்தக் காலத்து அகம்பாவத்தையும் தாங்கி வருகிறது. வெள்ளைக்கார ஆட்சியில் இந்தியச் சிப்பாய்க்கென்று 1837இல் கும்பினியார் ஒரு வீரப் பட்டத்தை ஏற்படுத்தினார்கள். ஆனால் 1856இல் ஏற்படுத்திய விக்டோரியா கிராஸ் என்ற பெரிய பதக்கத்தை இந்தியச் சிப்பாய் பெறுவதற்கு 1911 வரையில் இடமில்லை. இருவரும் ஒரே குழியில் நின்று ஒரே குண்டுக்கு நெஞ்சைக் காட்டினாலும், தோலின் நிறத்தைப் பார்த்தே வீரத்தின் விலை போடப்பட்டது. ஆகவே அந்த வருஷங்களின் ஏட்டைப் புரட்டி, "இந்தியர் ஒருவர்கூட விக்டோரியா கிராஸ் வாங்கவில்லை, ஆகவே இந்தியருக்கு வீரம் இல்லை" என்று ஒருவன் சொன்னால் அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

முதல் உலக யுத்தம் முடிந்ததும் கொடுத்த யுத்தப் பதக்கத்தைப் பாருங்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கு அது வெள்ளி. மண் வெட்டி, சாமான் சுமந்து, பாதை போட்ட இந்திய, சீனக் கூலிப்படையினருக்கு அதே பதக்கம் வெண்கலம். சேற்றிலும் குளிரிலும் கிடந்தவன் உழைப்பாளி என்பதற்காக உலோகமே மாறிவிட்டது. நம் நாட்டில் ஒரு கிணற்றில் இரண்டு குடம் வைத்திருப்பது போலத்தானே இது?

அன்றியும், வெள்ளைக்காரர்கள் நம் ஊர் ஜாதி வியாபாரத்தைப் பார்த்துத் தாங்களும் ஒன்றைக் கற்பித்தார்கள். சண்டை போடப் பிறந்த ஜாதி, சண்டைக்கு உதவாத ஜாதி என்று பிரித்து, அதற்கு யுத்த ஜாதி என்று பெயரும் வைத்தார்கள். இந்தக் கொள்கையை முன்நின்று பரப்பியவர்களில் ஒருவரான ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்கே தளகர்த்தராக இருந்தவர். அந்தக் கொள்கையால் சென்னைப் படைகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, 1920களில் மதராஸ் ரெஜிமெண்டும் கலைக்கப்பட்டது. பிறகு ஹிட்லரும் ஜப்பானியரும் வந்து கழுத்தைப் பிடித்தவுடன் 1941இல் அதே மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் ஏற்படுத்தினார்கள். பிறவியிலேயே வீரம் இல்லாதிருந்த நமக்கு, ஆள் தேவைப்பட்ட மாத்திரத்தில் வீரம் வந்துவிட்டது போலும்! 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்திக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர், செங்கற்பட்டு ஜில்லாக்காரர். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அந்த ஒரு மனிதர் யுத்த ஜாதிக் கதையைப் பொய்யாக்கிவிட்டுப் போனார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாவது உலக யுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் அந்நாட்டுப் படைகளில் சேவை செய்தார்கள். யுத்தம் முடிந்து எண்ணிப் பார்த்தால், அந்நாட்டின் தலைசிறந்த பதக்கம் அவர்களில் ஒருவருக்குக்கூடக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பதிவுகளை மறுபடியும் கிளறி ஆராய்ந்த பிறகு, 1997 ஜனவரி 13ந்தேதி ஏழு பேருக்கு அதைக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் அன்று உயிரோடிருந்தவர் வெர்னான் பேக்கர் என்ற ஒருவரே. அவரும் அதே இத்தாலியில்தான் 1945இல் சண்டை செய்தவர். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து ஏட்டைத் திருத்தியதால் அமெரிக்கப் பட்டாளத்தின் மானம் போய்விடவில்லை. திருத்தாமல் வைத்திருந்த வருஷங்களில்தான் அது போயிருந்தது.

எல்லையில் நின்ற ஊர்

திருத்தணி போன்ற ஊருக்கு இதில் ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. 1940இல் திருத்தணியில் பிறந்து 1958இல் பட்டாளத்தில் சேர்ந்த ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். அவர் பிறந்தபோது ஊர் இருந்தது சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில். 1953 அக்டோபர் 1ந்தேதி அது ஆந்திர ராஜ்யத்துக்குப் போயிற்று. 1956 நவம்பர் 1ந்தேதி அதற்கு ஆந்திரப் பிரதேசம் என்று பெயராயிற்று. அவர் சேரும்போது எழுதிய விலாசம் அதுதான். வடக்கெல்லைக் கிளர்ச்சிக்கும் பட்டாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1ந்தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. 1969இல் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. பிறகு 1990களில் ஜில்லாவும் பிரிந்து திருவள்ளூர் ஆயிற்று. தமது வீட்டுத் திண்ணையை விட்டு ஓர் அடிகூட நகராமலே அந்த மனிதர் இத்தனை ராஜ்யங்களிலும் ஜில்லாக்களிலும் குடியிருந்துவிட்டார்!

பட்டாளத்திலோ, பதக்கம் அறிவிக்கப்படுவது ஒரு காலம். அதை அடித்துக் கையில் கொடுப்பது வேறொரு காலம். அதற்குள் ஆள் விலகி வீட்டுக்கு வந்துவிட்டால், கடிதம் ஏட்டிலுள்ள பழைய ஜில்லாவைத் தேடிப் போகும். அதோடு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். நம்மவர்களுக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கும். வடநாட்டுக் குமாஸ்தா அந்த எழுத்தை விரித்தெழுதச் சொல்லி, தகப்பனார் பெயரையே மகன் பெயராக்கிவிடுவார். முனுசாமி என்ற ஒரு பெயரை இங்கிலீஷ் எழுத்தில் நாலு குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதுவார்கள். நாற்பது வருஷம் கழித்து, "நாலு முனுசாமியில் நீ எந்த முனுசாமி?" என்று அந்த முனுசாமியையே கேட்பார்கள்.

கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர், வெளிச்சம் பாதிக்கு மேல் மறையும்படி தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் கடையின் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவைக்கிறார். எவரும் அதைத் தப்பென்று சொல்லுவதில்லை. உயிரைக் கொடுக்கப் போனவனுடைய பெயர் மாத்திரம் எப்படி இருந்தாலும் பாதகமில்லையா?

தகடா, மானமா?

"அந்தத் தகட்டினால் என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுகிறோம். வீரப் பதக்கங்களுக்கு மாதப்படி உண்டு. 2017இல் அதை உயர்த்தியபோது பரம் வீர் சக்கரத்துக்கு 20,000 ரூபாயும், மகா வீர் சக்கரத்துக்கு 10,000 ரூபாயும், வீர் சக்கரத்துக்கு 7,000 ரூபாயும், வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாயும் ஏற்படுத்தினார்கள். ஏட்டில் ஒரு வரி விட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பில் எவ்வளவு குறையும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் படி கணவன் இறந்த பிறகு மனைவிக்குப் போகும். ஆனால் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். அவள் மறுமணம் செய்துகொண்டால் படி நின்றுவிடும். இறந்தவனுடைய உடன்பிறந்தானையே மணந்துகொண்டால் மாத்திரம் தொடரும்! புருஷனுடைய வீரத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு, பெண்சாதியைப் புருஷன் வீட்டுக் கொட்டடியிலேயே கட்டிவைக்கும் ஏற்பாடு இது. மனுதர்மம் பட்டாளத்துக் கச்சேரிக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பலரும் கேள்வி கேட்ட பிறகு 2017 நவம்பரில் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். யாரும் கேளாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் விதியாகவே இருந்திருக்கும்.

சேவைப் பதக்கத்துக்குப் படி ஒன்றும் இல்லைதான். ஆனால் படி இல்லாததனாலேயே அதைக் கேட்பவருடைய நோக்கம் சுத்தமானது என்று தெரிகிறதல்லவா? "நான் அங்கே இருந்தேன், இருந்தேன் என்று எழுதுங்கள்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மனிதனுக்குச் சோற்றைவிட மானம் பெரிது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை அற்பம் என்று தள்ளக்கூடாது.

ஆதாரம் இருபக்கத்துக்கும் வேண்டும்

இதனால், முதியவர் சொன்னால் போதும், அப்படியே எழுதிக்கொடுங்கள் என்று நாம் சொல்லுவதாக எவரும் நினைக்க வேண்டாம். பெறாத பதக்கத்தைக் கடையில் வாங்கிக் குத்திக்கொண்டு கலியாண வீட்டில் திரிகிறவனும் உலகத்தில் உண்டு. அவனுடைய பொய் வெளிப்பட வேண்டியதுதான். அந்தப் பொய்யினால் நஷ்டமடைகிறவன் மெய்யாகப் பெற்றவனே. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து மெய்யானவனுக்கே ஞாபகம் தடுமாறுவதும் உண்டு. ஆகவே கெஜட்டைப் பார்க்கட்டும். படைப்பிரிவின் தினக்குறிப்பைப் பார்க்கட்டும். சம்பளக் கணக்கையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்க்கட்டும். கூட இருந்தவர்களை விசாரிக்கட்டும். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால் நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். பாராமலே இல்லை என்று சொல்லுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

ஏனென்றால், காகிதத்தை வைத்திருப்பது யார்? சர்க்கார். அதை அழிப்பது யார்? அதுவும் சர்க்கார்தான். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களுடைய தஸ்தாவேஜுகளை 25 வருஷம் சென்றபின் அழித்துவிடுவதற்குப் பட்டாளத்தில் விதியே இருக்கிறது. காகிதத்தைத் தானே அழித்துவிட்டு, "காகிதம் இருந்தால் கொண்டுவா" என்று கிழவரிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவில் 1973 ஜூலை 12ந்தேதி செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பதிவுக் கட்டடம் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்குக் குறையாத சிப்பாய்களின் பதிவுகள் எரிந்து போயின. அதற்காக அத்தனை பேரும் பட்டாளத்தில் இருக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கணக்கு முதலிய வேறு காகிதங்களைக் கொண்டு மறுபடியும் பதிவு கட்டினார்கள். அந்த நாட்டில் 1946இலேயே சட்டம் செய்து, பட்டாளத்துப் பதிவிலுள்ள பிழையையும் அநீதியையும் திருத்துவதற்கென்று, சிவில் உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்து விசாரிக்கும் சபைகளை ஏற்படுத்தியிருக்கிறார்கள். எழுதியவனே தன் எழுத்துக்கு நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது இதன் தத்துவம்.

"இப்படி ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவியுமே!" என்று சொல்லுவார்கள். குவியட்டும். ஆயிரம் பேர் விண்ணப்பம் போடுவார்கள் என்ற பயம் இருந்தால், ஆயிரம் பிழை இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்?

செய்யவேண்டியது என்ன?

திருத்தணித் தோழர்களுக்கும், இதைப் படிக்கும் மற்ற முன்னாள் சிப்பாய்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது இதுவே. இந்தக் காரியத்துக்காக 365 படி ஏறிக் காவடி எடுப்பதாகப் பிரார்த்தனை செய்துகொள்ள வேண்டாம். ஆறுமுகங்களில் ஒன்றும் உங்கள் ரிக்கார்டைப் பார்க்கப் போவதில்லை. தரகனிடம் பணம் கொடுத்து ஏமாறவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர், தகப்பனார் பெயர், நம்பர், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதக்கங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை இருந்தால் உங்கள் படைப்பிரிவின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமெண்டுக்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மதராஸ் சாப்பர்ஸ்காரர்களுக்குப் பெங்களூரில் இருக்கிறது. நகலை ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அசல் காகிதத்தை ஒருபோதும் கையை விட்டு அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால், 2005இல் ஏற்பட்ட தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி, உங்கள் பதிவின் நகலைக் கேளுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. காலக்கெடு உண்டு ஆகையால், மறுப்புக் கடிதம் வந்த பிறகு சும்மா இருந்துவிட வேண்டாம்.

சர்க்காருக்கும் நாம் சொல்லுவது உண்டு. ரிக்கார்டில் இல்லை என்று எழுதுகிறவர்கள், எந்த எந்த ஏட்டைப் பார்த்து இல்லை என்று கண்டார்கள் என்பதையும் எழுதவேண்டும். பதில் அந்தச் சிப்பாய் படித்துத் தெரிந்துகொள்ளும் பாஷையில், தமிழனுக்குத் தமிழில், இருக்கவேண்டும். காகிதம் சர்க்கார் கையில் அழிந்திருந்தால் அதன் பலன் சிப்பாய்க்குப் பாதகமாகக் கூடாது. பட்டாளத்துக்கு வெளியே உள்ளவர்களும் உட்கார்ந்து விசாரிக்கும் ஒரு திருத்தச் சபை இங்கும் ஏற்படவேண்டும். வழக்குமன்றம் என்பது கடைசிப் புகலாக இருக்கலாம். 80 வயதுக் கிழவருக்கு அதுவே முதற்படியாக இருக்கக்கூடாது.

படித்த வாலிபர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் போய், அவருடைய தகரப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். பிழை கண்டால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் அதற்குச் செல்லாது. அந்தப் பெரியவரோடு கூடச் சண்டையில் நின்ற சாட்சிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள். தலையெழுத்தைத் திருத்தமுடியாது என்று சொல்லி நம்மை ஏய்த்த காலம் ஒன்று இருந்தது. குமாஸ்தாவின் கையெழுத்தையாவது திருத்தமுடியும் என்று நாம் காட்ட வேண்டாமா?